சுழியிலிருந்து புறப்பட்ட கோடு

பென்சிலைத் தாளிலிருந்து எடுக்கக் கூடாது, காகிதத்தைப் பார்க்கக் கூடாது, புறப்பட்ட இடத்துக்கே கோடு வந்து சேர வேண்டும். ஓவிய வகுப்பில் டீச்சர் சொன்ன விதிகள் இவ்வளவுதான். நான் வரைய வேண்டிய முகம் எதிரே உட்கார்ந்திருந்த என் தோழி சந்திரலேகாவுடையது. வெள்ளைத்தாளைக் கண்டால் என் கை தானாகப் பிள்ளையார் சுழி போட்டுவிடும், பள்ளிக்கூடத்துப் பழக்கம். போட்டாயிற்று. இனி எடுக்கக் கூடாதே என்று அதன் வாலைப் பிடித்தே அவள் நெற்றிக்கு இறங்கினேன்.

"இவளுக்கு லெட்டர் எழுதுற நெனப்பு!" என்று சிரித்தாள். கோடு புருவத்தைத் தாண்டியதும், "எறும்பு ஊர்ற மாதிரி இருக்குடீ, சீக்கிரம் முடி" என்றாள். உதட்டை வரைந்தேன். அதோடு அவள் பேச்சு நின்றுவிட்டது. பயந்துபோய் ஒரு நொடி காகிதத்தைக் குனிந்து பார்த்தேன். நிமிர்ந்தால் அவளுடைய இடது காதைக் காணோம். தோடு மட்டும் தோளில் கிடந்தது.

"டீச்சர்!" என்றேன், அவளிடமிருந்து கண்ணை எடுக்காமல்.

"நடுவுல நிறுத்தாதம்மா," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "கோடு சேர்ந்துட்டா எல்லாம் சரியாயிடும்."

அவள் முகத்தை மூன்று முறை சுற்றி வந்துவிட்டேன், சேரவில்லை. சுழி முகத்தில் இல்லையே. தாளில் மேலே எங்கோ இருக்கிறது, குனிந்து பார்த்தால்தான் தெரியும். வேண்டாம், வேண்டாம் என்கின்றன லேகாவின் கண்கள். பென்சில் நகத்தளவுதான் மிச்சம்.