சூடேறாத விளக்கு

"உன் பழைய சோடியம் விளக்கு கரண்டைக் குடிக்குது, அறையையே அடுப்பாக்குது. என் எல்.ஈ.டி.யைத் தொட்டுப் பாரு, சூடே ஏறாது!" என்று பீற்றிக்கொண்டார் கணவர்.

யார் விளக்கில் செடி நன்றாக வளரும் என்று பந்தயம் மூண்டது. ஆளுக்கு ஓர் அறை, ஒரு விளக்கு, ஒரு தக்காளித் தொட்டி. தோற்றவர் விளக்கு பழைய இரும்புக் கடைக்கு.

மனைவி வேலைக்குப் போனபின் இரண்டு செடிக்கும் அவரே தண்ணீர் ஊற்றிவந்தார். அவளுடையது நோஞ்சானாகச் சுருங்க, அவருடையது தளதளவென்று வளர்ந்தது.

"விடும்மா, மனசைத் தளர விடாதே" என்று தோளில் தட்டிக்கொடுத்தார்.

ஒரு குளிர்நாளில் அவள் சீக்கிரமே வீடு திரும்பினாள். மணியடித்து வெகுநேரம் கழித்தே அவர் கதவைத் திறந்தார்.

"நான் தோத்துட்டேங்க. என் விளக்கை இன்னிக்கே எடைக்குப் போட்டுடலாம்."

"ஐயையோ, வேணாம்! அது பாட்டுக்கு எரியட்டுமே" என்று பதறினார்.

இந்தத் தங்கமான மனுஷரோடா மல்லுக்கு நின்றோம் என்று அவளுக்குக் கண் கலங்கியது. ஜெயித்த செடியை ஆசையாகத் தூக்கினாள்.

சூடேறாத விளக்கின் கீழிருந்த தொட்டி கதகதவென்று இருந்தது.

தன் அறைக்கு ஓடினாள். அனல் விளக்கின் கீழ் அவளுடைய தொட்டி ஜில்லென்று இருந்தது.

பின்னாலேயே வந்து நின்றவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"தட்டிக்கொடுத்த அதே கையாலதானா தினமும் தொட்டியை மாத்துனீங்க?"