சுவிட்சுக்கு முந்திய வார்த்தை

காட்டாங்குளத்தூர் லேபில் எங்கள் வேலை எளிது. இரண்டு மெல்லிய கண்ணாடிகளுக்கு நடுவே திரவப் படிகத்தை நிரப்பி மின்சாரம் கொடுப்போம். குறிப்பிட்ட வோல்ட்டை எட்டியதும் கண்ணாடி இருண்டுவிடும். வெள்ளி நானோ துகள்களைக் கலந்தால் அதைவிடக் குறைந்த வோல்ட்டே போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

என்னோடு ஆராய்ச்சி செய்யும் இரும்புலியூர் ஸ்டெபின், சுவிட்சைத் தட்டும் முன் ஒவ்வொரு முறையும், சர்ச்சில் சொல்வதுபோல் "ஸ்தோத்திரம்" என்பான். நான் ஊரப்பாக்கத்து ஐயர் வீட்டுப் பையன். கிண்டலுக்குக்கூட அந்த வார்த்தை என் வாயில் வந்ததில்லை.

முதல் கலவை மூன்று வோல்ட்டில் இருண்டது. இன்னும் கொஞ்சம் வெள்ளி சேர்த்தோம். ஒரு வோல்ட்டிலேயே இருண்டது. இருவரும் குதித்தோம். மூன்றாவது கலவை, அவன் "ஸ்தோத்திரம்" என்றதுமே இருண்டது.

"எவ்ளோ வோல்ட் வெச்ச?"

"இன்னும் ஆன் பண்ணவே இல்லடா கிரீஷ்!"

கழற்றிய ஒயர் மேஜைமேல் கிடந்தது. அவன் அந்த வார்த்தையைச் சொல்லும்போதெல்லாம் கண்ணாடி இருண்டது; சற்று நேரத்தில் தானே தெளிந்தது.

"மச்சான், இன்னும் கொஞ்சம் போடுடா!" என்றேன்.

நான்காவது கலவையை நிரப்பினோம். ஸ்டெபின் சிரிப்பை அடக்கியபடி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டான். ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. கண்ணாடி இருண்டது.

"டேய், நான் வாயே திறக்கலடா!"

காத்திருந்தோம். அது தெளியவே இல்லை. மின்சாரமும் இல்லாமல், வார்த்தையும் இல்லாமல் இருண்டே நிற்கிறதே என்ற சந்தோஷம் தாங்காமல் எழுந்து நின்று நான் கத்தினேன்.

"ஸ்தோத்திரம்!"

கண்ணாடி தெளிந்தது.