நேர்த்தி முடிந்த சனிக்கிழமை

மாசாய் நகரத்துத் தேவாலயத்துக்குள் மாலை வெயில் ஜன்னல் கண்ணாடிப் பட்டைகளின் வழியே இறங்கி, பிலோமினா துடைத்துவிட்ட ஈரத் தரையில் கோடு கோடாகக் கிடக்கிறது. வாளித் தண்ணீரில் எலுமிச்சை சோப்பு மணக்கிறது. பீடத்தருகே ஆர்க்கிட் பூக்களைச் செருகிக்கொண்டிருக்கும் ஷர்மைன் திரும்பிப் பார்க்கிறாள்.

“ஆன்ட்டி, உங்க ஒரு வருஷ நேர்த்திக்கடன் போன வாரமே முடிஞ்சிருச்சு லா. அங்கிளும் நல்லா நடக்கறாரு. இன்னும் புதுசா என்ன கேட்டு வச்சிருக்கீங்க?”

“ஒன்னும் கேக்கல.”

“அப்ப சும்மாவா மோப் அடிக்கிறீங்க?”

“சும்மாதான்” என்று சிரிக்கிறாள் பிலோமினா. சொன்ன பிறகு அந்தச் சொல் அவளுக்கே புதிதாக இருக்கிறது. கணவர் மோட்டார்சைக்கிளிலிருந்து விழுந்து நினைவில்லாமல் கிடந்தபோது நேர்ந்துகொண்ட வேலை இது. அந்த வருடம் முழுக்க, ஒரு மூலை விட்டுப்போனாலும் ஆண்டவர் கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொள்வாரோ என்ற பயத்தில், துடைத்த இடத்தையே மறுபடி துடைப்பாள். வெளியே மோட்டார்சைக்கிள் சத்தம் எழுந்தால் கை அப்படியே நின்றுவிடும். நேர்த்தி முடிந்ததும் விட்டுவிடத்தான் நினைத்திருந்தாள். இன்று மதியம் பாத்திரம் கழுவும்போது இந்தத் தரை நினைவுக்கு வந்தது. வர ஆசையாக இருந்தது, வந்துவிட்டாள். தொழிற்சாலை ஷிப்டு முடிந்து, சாலையில் மோட்டார்சைக்கிள்கள் கூட்டமாக இரைந்துகொண்டு போகின்றன. அவள் கை நிற்கவில்லை. மோப் கடைசி பெஞ்சுக்கு அடியில் புகுந்து, யாரும் பார்க்காத மூலையை நோக்கி நிதானமாகப் போகிறது.