டேபிள் ஃபேன் திரும்பும் பக்கம்

எண்பத்தொன்பது டிகிரி.

கம்ப்யூட்டர் கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள் கோதை. திரையின் மூலையில் எண் இறங்கவில்லை.

காலையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மலிவு விலைப் பிராசசர். அதன் சூட்டைத் தணிக்க, அதோடு பெட்டியில் வந்த சின்னக் கூலர். கம்பெனி வைத்த அளவுக்கு மேலே வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஓட்டிப் பார்த்து, தாங்குகிறது என்று முடிவு செய்தாள். யாரோ வெளிநாட்டுக்காரன் இணையத்தில் சொல்லிக்கொடுத்த அளவு. அவன் வீட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருந்திருக்காது.

பள்ளிபாளையத்துச் சித்திரை மத்தியானத்தை அவளும் நினைத்துப் பார்க்கவில்லை. புத்தி கெட்டவள்.

தொண்ணூறு.

தொண்ணூற்றைந்தைத் தொட்டால் அணைந்துவிடும்படி வைத்திருந்தாள். அணைந்தால், காலையிலிருந்து உருவாகிக்கொண்டிருக்கும் அனிமேஷன் காட்சி போச்சு.

சென்னை ஸ்டுடியோ ஒன்று வேலைக்கு முன் வைத்த பரீட்சை அது. ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். இந்த வேகத்தில் ஓடினால் முடிந்துவிடும். பழைய வேகத்துக்கு இறக்கினால் ஏழாகும்.

வேலை கிடைத்தால் அவள் புருஷன் நூல் மில்லின் நைட் ஷிப்டை விட்டுவிடலாம்.

அவன் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். வீட்டில் இருக்கும் ஒரே டேபிள் ஃபேன் அவன் முகத்துக்கு நேரே ஓடியது. போன வாரம் அவனோடு நிற்கும் ஒருவர் தூக்கக் கலக்கத்தில் மெஷினுக்கு விரலைக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து பகலில் இந்த வீட்டில் பாத்திரம்கூட உருளாது.

தொண்ணூற்றிரண்டு.

ஃபேனை எடுத்துக் கட்டிலுக்கும் கேபினெட்டுக்கும் நடுவில் வைத்தாள். பின்னால் இருந்த குமிழை அழுத்தினாள். அது மெதுவாகத் திரும்ப ஆரம்பித்தது.

அவன் பக்கம் போனால் எண் ஏறியது.

கேபினெட் பக்கம் வந்தால் இறங்கியது. ஏறிய அளவுக்கு இறங்கவில்லை.

கட்டிலிலிருந்து ஒரு கை நீண்டது. ஃபேன் கேபினெட்டைப் பார்த்து வந்த நேரத்தில் குமிழை இழுத்து நிறுத்தியது.

"எனக்கு வேண்டாங் கோதை. அதுக்கே ஓடட்டும்."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

எண்பத்தெட்டு. எண்பத்தைந்து. எண்பத்திரண்டு.

அப்பாடா என்றிருந்தது. அப்படி இருந்தது அவளுக்கே பிடிக்கவில்லை.

அவன் முதுகில் வேர்வை வழிந்து பாயில் இறங்கியது. தூங்குகிறவனின் மூச்சு அவளுக்குத் தெரியும். இது அது இல்லை. நடிப்பு மட்டும் இந்த மனுஷனுக்கு வரவே வராது.

இன்னும் கொஞ்ச நேரம் எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிறகு வேகத்தை இறக்கினாள். முடிய ஏழு மணி ஆகும் என்றது திரை.

ஃபேனைத் தூக்கி அவன் முதுகுக்கு நேரே வைத்தாள்.

இன்னும் ஒரு மணி நேரம் வேண்டும் என்று ஸ்டுடியோவுக்கு எழுதினாள். காரணம் என்று என்ன போடுவது? யோசித்தாள். வெயில் என்று போட்டாள். அழித்தாள். மறுபடியும் அதையே போட்டு அனுப்பினாள்.

பதில் வருவதற்கு முன்பே அவன் நிஜமாகவே தூங்கிவிட்டான்.