ஆனர்ஸ் அலமாரி

கண்ணாடி அலமாரியின் பூட்டில் சாவி கரகரவென்று திரும்பியது. கல்லூரியின் ஆனர்ஸ் பட்ட வகுப்பில் படித்துத் தேறியவர்கள் எழுதிய நூல்கள் உள்ளே வரிசையாக நின்றன. அவற்றில் ஒரு தடித்த வரலாற்று நூல் நடுங்கியது.

"தம்பி, பன்னிரண்டு வருஷம் கழிச்சுத் திறக்கிறாங்க. படிக்கத்தான் எடுக்கப் போறாங்க. மாட்டினோம்!"

பக்கத்திலிருந்த மெல்லிய நூலுக்கு முதுகு வியர்த்தது. "மூணாவது அத்தியாயந்தானே அண்ணே பயம்?"

"உன்னுதும் அதேதானேடா! வரிக்கு வரி ஒரே வாத்தியார் கொடுத்த நோட்ஸ். ரெண்டு பேரையும் சேர்த்து விரிச்சா, நம்மை எழுதினவங்க மானம் போச்சு."

கதவு திறந்தது. கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்த ஈரத்துணி, பேச்சைக் கேட்டு நின்றது.

"ஏன் இப்படி ஒண்டுறீங்க? நாளைக்கு விழா. விருந்தாளிங்க உங்க முன்னால நின்னு போட்டோ எடுத்துக்குவாங்க, அவ்வளவுதான்."

"பிரிச்சுப் பார்க்க மாட்டாங்களா?"

"பூட்டி, சாவியை ஆபீஸ்ல கொடுத்துடுவாங்களே!"

தடித்த நூல் நிம்மதியாக மூச்சு விட்டது. மெல்லிய நூலும் சிரிக்கப் பார்த்தது. ஆனால் அதன் குரல் இப்போதுதான் நடுங்கியது.

"என்னைக்குமே பிரிக்க மாட்டாங்களா?"

துணி, விட்ட இடத்திலிருந்து கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கியது.