முதல் தடம்

"இன்னிக்கும் கெடுத்துட்டாங்கடா யான்!"

ஜன்னலோரம் நின்று கத்தினார் ரேமோ. சூரிச்சில் பல் டாக்டர். வாரம் முழுக்க அடுத்தவர் வாயைப் பார்த்துவிட்டு, சனி ஞாயிறிலாவது யாரும் மிதிக்காத புதுப் பனியைப் பார்க்கலாம் என்று நண்பன் யானோடு இந்த மலை விடுதிக்கு வந்திருந்தார்.

வெளியே, அந்தப் புதுப் பனியில் ஏற்கெனவே ஒரு பனிச்சறுக்குக் கட்டைத் தடம் காட்டுப் பக்கமாக வளைந்து வளைந்து ஏறியிருந்தது.

போட்டவள் விடுதிக்காரி உர்சினா. ஈர பூட்சைக்கூடக் கழற்றாமல் ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, காசு குடுத்து வந்தவங்க நாங்க. எங்களுக்கு முன்னாடி எழுந்து தினமும் முதல் சறுக்கு நீங்களே போயிடறதா?"

"புகார் புத்தகம் அலமாரியில இருக்கு டாக்டர். பேனாவும் இருக்கு."

எழுதினார். 'சுயநலக்காரி' என்ற வார்த்தைக்கு அடிக்கோடும் போட்டார்.

"நாம வடக்குச் சரிவுல போவோம்டா. செங்குத்தா ஜம்முனு இருக்கும்."

யான் இழுத்தான். "பனிச்சரிவு அபாயம் மூணாம் படின்னு ரேடியோவுல சொன்னாங்களே?"

"அஞ்சுக்கு மூணுதானே? பயப்பட இன்னும் ரெண்டு படி பாக்கி இருக்கு, வா."

வெளியே வந்தால் முழங்கால் ஆழத்துக்குப் பனி. வடக்கே போக தாங்களேதான் வழி போட வேண்டும். பத்தடியிலேயே டாக்டருக்கு மூச்சு வாங்கியது. உர்சினாவைத் திட்டிக்கொண்டே அவள் தடத்தில் ஏறிவிட்டார். பின்னாலேயே மொத்த விடுதியும் வந்தது.

பதினோரு மணிக்கு, எதிரே வடக்குச் சரிவு மொத்தமாகப் பிய்த்துக்கொண்டு இறங்கியது. பனித்தூசி அடங்கும்வரை எல்லாரும் நின்று பார்த்தார்கள்.

சாயங்காலம், சுவர் ஆணியில் காயப்போட்டிருந்த தன் சாக்ஸை எடுத்தார். அதற்குப் பின்னால் ஒரு கரும்பலகை. 'வடக்குச் சரிவு வேண்டாம். காற்று குவித்த பனி அடியில் ஒட்டவில்லை.'

"வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமேம்மா!"

"சொன்னா சண்டைக்கு வர்றீங்க. எழுதினா சாக்ஸ் காயப்போடறீங்க. தடம் இருந்தா மட்டும் ஆட்டு மந்தை மாதிரி அது பின்னாலயே போறீங்க." உர்சினா முழங்காலில் தைலம் தேய்த்தாள். "இந்த முட்டியை வெச்சுக்கிட்டு, விடியக்காலையில சறுக்கணும்னு எனக்கென்ன ஆசையா?"

டாக்டருக்கு வெட்கமாகப் போய்விட்டது. தான் எழுதிய பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று புகார் புத்தகத்தைத் திறந்தார். புத்தகம் முழுக்க, வேறு வேறு கையெழுத்தில், அதே திட்டு.

"கிழிக்காதீங்க டாக்டர்," என்றாள் உர்சினா. "அதுல திட்டினவங்க எல்லாரும் உயிரோட வீட்டுக்குப் போனவங்க."