சிவப்புத் துணி கட்டிய காய்

முதலில் கல்லை அவிழ்த்தான்.

புடலங்காய் வளையாமல் நேராக வளர, நுனியில் கயிறு கட்டித் தொங்கவிட்ட கல். உள்ளங்கைக்குள் அடங்கும் கூழாங்கல். கல் போனதும் காய் மெல்ல ஆடியது.

பந்தல் அவனுடையதல்ல. நகுலேசனுடையது.

ஸ்காபரோவில் நகரசபை வாடகைக்கு விடும் தோட்டம். அவனுக்குப் பன்னிரண்டாம் துண்டு, நகுலேசனுக்குப் பதின்மூன்று. நடுவில் ஒரு முழ அகலத்துக்கு நடைபாதை. இரவில் ரக்கூன் பிராணிகள் ஏறி நாசம் செய்வதைத் தவிர அங்கே களவு என்று ஒன்றும் நடந்ததில்லை.

சனிக்கிழமை காலை ஏழு மணி. வேறு யாரும் வரவில்லை.

கிழமை முழுக்க அவனுக்குக் கிட்டங்கியில் பெட்டி அடுக்கும் வேலை. மாலையில் முதுகுக்குத் தைலம். சனியும் ஞாயிறும் இந்த மண். இருபத்திரண்டு வருடத்தில் இந்த நாட்டில் அவனுக்கு ஏதாவது ஒழுங்காக வந்ததென்றால் அது புடலங்காய்தான்.

இந்த வருடம் அதுவும் வரவில்லை. கொடி ஜூலையிலேயே பட்டுப்போனது. மிச்சமிருந்த கடைசி விதையையும் இந்த வருடம்தான் போட்டிருந்தான். மனைவிக்குச் சொல்லவில்லை. பிந்திக் காய்க்கும் என்று சொல்லிவைத்திருந்தான்.

நகுலேசனுக்குக் காய்த்துக் கொட்டியது.

யாருடைய விதை?

சாவதற்கு முந்தின வருடம் அக்கா சுன்னாகத்திலிருந்து கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்த விதை. அதில் ஐந்தை நகுலேசனுக்குக் கொடுத்தது இவன். கல் கட்டச் சொல்லிக்கொடுத்ததும் இவன்.

கொடுத்தவன் வெறும் பந்தலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். வாங்கியவன் பை பையாக ஊருக்கெல்லாம் கொடுக்கிறான்.

பொறாமைதான். வேறு பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது?

நகுலேசன் வந்தே ஆறு வருடம். அதற்குள் வீடு வாங்கிவிட்டான். அது பரவாயில்லை. வீடு வங்கிக்காரனுடையது என்று சொல்லி மனதை ஆற்றிக்கொள்ளலாம். புடலங்காய்க்கு என்ன சொல்லி ஆற்றுவது?

நகுலேசன் கொடுத்த காயில் மனைவி பால்கறி வைத்தாள். இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டாள். நகுலேசனுக்கு ராசிக் கை என்றாள். இத்தனை வருடத்தில் அவனுடைய கையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்று அவன் பால்கறியைத் தொடாமல், சோற்றுக்குச் சொதியை மட்டும் விட்டுச் சாப்பிட்டு எழும்பினான்.

அதையும் பொறுத்தான். சிவப்புத் துணியைத்தான் பொறுக்க முடியவில்லை.

போன சனிக்கிழமை பார்த்தான். பந்தலில் மிஞ்சியிருந்த ஒரே காய். அதன் காம்பில் சிவப்புத் துணி.

கண்ணூறு படக்கூடாதாம்.

யாருடைய கண்?

இந்தப் பக்கம் அவனுடைய துண்டு. அந்தப் பக்கம் ஒரு போர்த்துக்கீசக் கிழவி. புடலங்காயை முதல்முதல் கண்டபோது பாம்பென்று பயந்து சிலுவை போட்டவள். அவளுடைய கண்ணாக இருக்காது.

ஒரு கிழமையாகப் பெட்டி அடுக்கும்போதெல்லாம் அந்தத் துணி கண்ணுக்குள் நின்றது.

கத்தியை எடுத்தான். காம்பு ஒரே இழுப்பில் அறுந்தது. காயை இரண்டாக முறித்துப் பைக்குள் வைத்து, மேலே கொஞ்சம் கீரையைப் போட்டான். துணியைக் காற்சட்டைப் பைக்குள் திணித்தான்.

கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

தன் துண்டுக்குத் தாவி வந்து, வெறும் மண்ணுக்குத் தண்ணீர் விடத் தொடங்கினான்.

நகுலேசன் சிரித்துக்கொண்டுதான் வந்தான். பந்தலுக்குக் கீழே போனதும் சிரிப்பு நின்றது.

கொடியில் இனிப் பூ இல்லை. மூன்று கிழமையில் உறைபனி விழும்.

வெட்டுப்பட்ட காம்பை நகுலேசன் விரலால் தொட்டுப் பார்த்தான். குனிந்து கல்லை எடுத்தான். கயிறு அறுந்திருக்கவில்லை. முடிச்சுப் பக்குவமாக அவிழ்ந்திருந்தது.

கயிற்றைக் கல்லில் சுற்றினான்.

"ரக்கூன் கொண்டுபோட்டுது போல, அண்ணை." அவனுடைய முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னான். "உங்கட விதை முடிஞ்சு போச்செல்லே. உங்களுக்கெண்டுதான் இதை விதைக்கு விட்டனான். ஆரும் தெரியாமப் பிடுங்கிப்போடுவினம் எண்டு துணியும் கட்டினனான். என்னட்டையும் இனி வேற விதை இல்லை."

அவன் ஓமென்று தலையாட்டினான். ரக்கூன் கதைக்கும் சேர்த்துத்தான்.

தண்ணீர் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டில் காயைப் பிளந்தான். விதைகள் வெள்ளையாக இருந்தன. ஒன்றை நகத்தால் அமத்தினான். நகம் உள்ளே போனது. அடுத்ததை அமத்தினான். ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் அமத்திப் பார்த்தான். ஒன்றும் முற்றியிருக்கவில்லை.

மனைவி அவற்றை வழித்துக் குப்பைக்குள் போட்டாள். காயைப் பால்கறி வைத்தாள்.

"பிந்தினாலும் எங்கட காய் எங்கட காய்தான்." சொல்லிக்கொண்டே இரண்டாம் தரம் போட்டுக்கொண்டாள். "உங்களுக்கும் ராசிக் கைதானப்பா."

கோடை முழுவதும் இதைக் கேட்கத்தான் காத்திருந்தான்.

சோற்றுக்குச் சொதியை மட்டும் விட்டுச் சாப்பிட்டான்.